புல் காயுது

உதகைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் சரிவில் டீச்சர் இருந்தார். முன்பு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவர். ஒரு நாள் அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்க வந்தவர்களில் சிலர், கேட்காமலே தங்கிவிட்டார்கள். குரு, அம்மா, மாதாஜி என்று யார் எப்படி அழைத்தாலும் அவர் திரும்ப மாட்டார். டீச்சர் என்றால் திரும்புவார்.

காலையில் சிலர் வந்து அவரோடு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். முடிவில் யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம். பெரும்பாலும் இருக்காது.

அன்று வேதரத்தினத்துக்கு இருந்தது.

அவர் டீச்சரைவிட வயதில் மிக மூத்தவர். அணைக்கட்டுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சமவெளியில் வாழ்நாள் முழுவதும் தண்ணீரை அடைத்தும் திறந்தும் பழகிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், புல்லுக்கு என்ன மருந்து?"

பின்னால் உட்கார்ந்திருந்த குமுதவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க எல்லாரும் முக்திக்கு வழி கேப்பாங்க சார். உரக்கடை கீழ, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கு."

"அங்கயும் போயிட்டு வந்தாச்சும்மா. அவங்ககிட்ட இருந்ததெல்லாம் இப்ப எங்க வீட்ல இருக்கு."

அவர் சொன்ன விதத்தில் குமுதவல்லியின் சிரிப்பு நின்றது.

"எந்தப் புல்?" என்றார் டீச்சர்.

"எங்க வீட்டுப் புல்வெளி. அல்லி போட்டது."

அல்லி அவருடைய ஒரே மகள். மலை பிடிக்கும் என்று பெற்றோரை இங்கே கூட்டி வந்தவள். போன ஆடி மழையில் காய்ச்சல் என்று படுத்தாள். மழை விடுவதற்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் அம்மா மங்கையர்க்கரசி பேசுவதில்லை. பின்கட்டில் உள்ள தன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. இது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"போன மாசம் மங்கை பேசினா டீச்சர். ஆடிக்கு அப்புறம் முதல் தடவை. ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே, புல் காயுதுன்னா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் பாத்துக்கறேன்னேன். பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். யூரியா போட்டேன். பூச்சி மருந்து அடிச்சேன். பூஞ்சைக்கு அடிச்சேன். தினம் சாயங்காலம் தண்ணி. ஒண்ணும் கேக்கலை. நாளைக்கு மேஸ்திரி வர்றார். பழைய புல்லை உரிச்சு எடுத்துட்டுப் புதுசு விரிக்கப் போறார். பாய் மாதிரி சுருட்டி லாரியில வருது."

"அப்ப கேள்வி என்ன?"

அவர் மடியிலிருந்த கைகளைப் பார்த்தார்.

"அது அல்லி கையால நட்ட புல். அம்மாவும் பொண்ணும் முட்டி போட்டு, கொத்துக் கொத்தா நட்டாங்க. அதை உரிச்சா மங்கை தாங்குவாளான்னு தெரியலை. உரிக்காம அது கண்ணெதிர செத்தா, அதைப் பாத்துக்கிட்டே இவளும் போயிடுவாளோன்னு இருக்கு. அவ என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான் டீச்சர்."

டீச்சர் எழுந்து சமையலறைக்குள் போனார். காய் நறுக்கும் கத்தியோடு வந்தார்.

"வாங்க சார். பாக்கலாம்."

*

வீட்டின் பின்புறம் புல்வெளி மெல்லச் சரிந்து கிடந்தது. மேல் முனையில் பின்கதவும் துணி துவைக்கும் கல்லும். கீழ் முனையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்ட ஒரு பேரிக்காய் மரம். அதன் அடியில் சிமென்ட் பெஞ்சு. கதவிலிருந்து பெஞ்சுக்குப் போகப் புல்வெளியின் ஓரமாகச் சுற்றி வரும் கல் பாதை.

வெயில் ஏறியிருந்தது. சுவரின் நிழல் விழும் ஓரத்தில் மட்டும் இரவு உறைந்த பனி இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

டீச்சர் நேராக இறங்கப் போனார்.

"டீச்சர், கல்லு மேல வாங்க." வேதரத்தினத்தின் குரல் தாழ்ந்தது. "புல்லுல கால் வெக்கறதில்லை. அல்லி விடமாட்டா. இன்னும் வேர் பிடிக்கலை, எல்லாரும் சுத்திப் போங்கன்னு இந்தக் கல்லையெல்லாம் அவதான் பதிச்சா."

"இப்பவுமா?"

"இப்பவும்தான்."

"மருந்து எப்படி அடிக்கிறீங்க?"

"கல்லுல நின்னுக்கிட்டே அடிப்பேன். யூரியாவும் இங்க இருந்துதான் வீசுவேன். வெட்டற மிஷின்காரர் மட்டும் ஞாயித்துக்கிழமை இறங்குவார். அப்ப நான் உள்ள போயிடுவேன்."

டீச்சர் செருப்பைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்தார். வெறுங்காலோடு புல்லில் இறங்கினார். வேதரத்தினத்தின் கை பாதி எழும்பி, இறங்கியது. பிறகு அவரும் செருப்பைக் கழற்றினார். ஆனால் கல்லிலேயே நின்றார்.

டீச்சர் குனிந்து நடந்தார். பாதையை ஒட்டிப் புல் கருகிக் கிடந்த இடத்தில் நின்றார்.

"இது உங்க கை."

"என் கையா?"

"பயந்துக்கிட்டே வீசியிருக்கீங்க. தூரமாப் போகலை. பக்கத்துலயே குவிஞ்சு எரிச்சிருச்சு. நல்லாத் தண்ணி விட்டா உரத்தோட உப்பு இறங்கிடும்."

மூலையில் ஒரு வட்டம். நடுவில் மஞ்சள், சுற்றிலும் கரும்பச்சை.

"இது நாய். ஒண்ணுக்குப் போயிருக்கு."

"எங்க வீட்ல நாய் கிடையாதே."

"அது நாய்க்குத் தெரியாது சார்."

வேதரத்தினம் சிரித்தார். சிரித்துவிட்டு, சிரித்தது யாருக்காவது கேட்டிருக்குமோ என்று மங்கையின் அறை ஜன்னலைப் பார்த்தார். திரை மூடியிருந்தது.

டீச்சர் ஒரு புல்லின் நுனியைக் கிள்ளி அவர் கையில் கொடுத்தார். நுனி நார் நாராக வெளுத்திருந்தது.

"இது மிஷின்காரர். பிளேடு மழுங்கிப் போச்சு. வெட்டலை, பிச்சிருக்கார். ஒட்டவும் வெட்டறார். குளிர்காலத்துல கொஞ்சம் உயரமா விடச் சொல்லுங்க."

"சரி."

"சுவரோரம் பாசி. அது நோய் இல்லை. அங்க வெயில் வராது, அவ்வளவுதான். அங்க புல்லுதான் வளரணும்னு ஏன் நினைக்கறீங்க?"

அவர் சுவரோரத்துப் பாசியைப் பார்த்தார்.

டீச்சர் முட்டி போட்டு உட்கார்ந்தார். புல் நன்றாக இருந்த இடத்திலும் காய்ந்திருந்த இடத்திலும் உள்ளங்கை அளவுக்கு ஒவ்வொரு துண்டாகக் கத்தியால் நான்கு பக்கமும் கீறி, மண்ணோடு தூக்கினார். காய்ந்த துண்டைத் தலைகீழாகத் திருப்பி வெயிலில் காட்டினார்.

"இங்க வாங்க."

"கல்லுலேர்ந்தே தெரியுது டீச்சர்."

"தெரியாது."

வேதரத்தினம் ஒரு காலை இறக்கினார். புல்லின் ஈரம் உள்ளங்காலில் பட்டதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். நட்ட நாளிலிருந்து அவர் அந்தப் புல்லை மிதித்ததில்லை. மெதுவாக நடந்து வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

மேலே பழுப்பு. கீழே, கறுப்பு மண்ணுக்குள், வெள்ளை வேர்கள். எண்ண முடியாத அளவுக்கு. தலைமுடியைவிட மெல்லியவை, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, மண்ணை விடாமல் பிடித்திருந்தன. டீச்சர் துண்டை உதறினார். ஒரு மணல் துகள் கூட உதிரவில்லை. வேரின் நுனிகளில் வெயில் பட்டபோது அவை கண்ணாடி போல் ஒளி விட்டன. இளஞ்சிவப்பாக ஒரு மண்புழு தன் வீட்டுக் கூரை எங்கே போனது என்று தேடுவது போலத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது.

வேதரத்தினம் இன்னும் கிட்டக் குனிந்தார். பெரிய அணைகளின் அடித்தளத்தைப் பார்த்தவர் அவர். இப்படி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்ததில்லை.

"இது அல்லி நட்டதா?" என்றார் கடைசியில்.

"அல்லி நட்டதோட பிள்ளைங்க. அதுங்களோட பிள்ளைங்க."

டீச்சர் இரண்டு துண்டுகளையும் எடுத்த குழிகளிலேயே வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார். பிறகு தலையைத் திருப்பி, மூடியிருந்த ஜன்னலைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் குரலில் சொன்னார்.

"புல் சாகலை. நுனிதான் போயிருக்கு. வேர் அப்படியே இருக்கு."

திரை அசைந்ததா என்று வேதரத்தினத்துக்குத் தெரியவில்லை.

"யாருக்குச் சொல்றீங்க?"

"கேட்டவங்களுக்கு."

*

"அப்ப இது என்ன டீச்சர்?"

அவர் காட்டியது புல்வெளியின் நடுவே. பழுப்புத் திட்டுகள் ஒரு வரிசையாக, விட்டு விட்டு, மேலிருந்து கீழே போயின. கல்லில் நின்று பார்த்தபோது அவருக்கு அது ஒரே கோடாகத் தெரிந்திருந்தது. "கடைக்காரர் பூஞ்சைன்னார். இதுக்காகத்தான் மூணு மருந்து மாத்தினேன்."

"கால் நீளமா இருக்கே உங்களுக்கு. இதுல ஒண்ணுல வைங்க."

"எதுக்கு?"

"வைங்களேன் சார்."

வைத்தார். அவர் பாதம் திட்டைத் தாண்டி, முன்னும் பின்னும் பச்சைப் புல்லில் கிடந்தது.

டீச்சர் அடுத்த திட்டில் தன் காலை வைத்தார். அவருடைய பாதமும் கொஞ்சம் பெரியதாகவே இருந்தது.

வேதரத்தினம் தன் காலைப் பார்த்தார். டீச்சரின் காலைப் பார்த்தார். பிறகு அந்த வரிசையை, அதன் இடைவெளியை, ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமுமாக அது விழுந்திருந்த விதத்தைப் பார்த்தார்.

"யாரோ நடந்திருக்காங்க," என்றார்.

டீச்சர் சுவரோரத்து நிழலுக்குப் போய், பனி போர்த்திய ஒரு புல்லைத் தொட்டார். லேசாக வளைத்தார். அது வளையவில்லை. சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, ஒடிந்தது.

"மத்த நேரத்துல மிதிச்சா வளைஞ்சு குடுக்கும். நிமிந்துக்கும். உறைஞ்சு கிடக்கறப்ப அதுக்கு வளையத் தெரியாது. மிதிச்ச அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பழுப்பா வரும். இந்த ஊர்க்காரங்க பனிப் புல்லுல கால் வெக்க மாட்டாங்க. கீழேர்ந்து வந்தவங்களுக்குத் தெரியாது."

"பனி இருக்கற நேரம்னா விடியறதுக்கு முன்னாடி."

"ஆமா."

"அந்த நேரத்துல இங்க யாரு..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

வரிசையின் மேல் முனை துவைக்கும் கல்லில் தொடங்கியது. அதற்கு மேலே பின்கதவு. கதவுக்குப் பக்கத்தில் அந்த ஜன்னல்.

"இருக்காது," என்றார். "அவ எழுந்திருக்கறதே இல்லை. நான் காபி கொண்டு போறப்ப சுவரைப் பாத்துப் படுத்திருப்பா. தினம்."

"நீங்க எப்ப எழுந்திருப்பீங்க?"

"எனக்கு டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார். அல்லி போனதுலேர்ந்து. வெயில் மூஞ்சியில அடிச்சாத்தான் முழிப்பு வரும். நான் முன்னறையில படுக்கறேன். அவ தனியா இருக்கணும்னு..."

டீச்சர் வரிசையின் மேல் முனையைப் பார்த்தார்.

"புடவை ஓரம் நனைஞ்சிருக்கும்," என்றார் வேதரத்தினம். தனக்குத்தானே கணக்குப் பார்ப்பவர் போல. "தினமும் நனைஞ்சிருக்கும். குளியலறையில எங்கயோ ஒழுகுதுன்னு பிளம்பரைக் கூப்பிட்டேன். குழாயெல்லாம் மாத்தினார்."

"சரியாச்சா?"

"இல்லை. தரையைப் பேத்துப் பாக்கணும்னு சொல்லியிருக்கார்."

இருவருக்கும் சிரிக்கத் தோன்றியிருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை.

வேதரத்தினம் இப்போது தானாகவே நடந்தார். தடங்களின் பக்கத்தில், தடங்களைத் தொடாமல், சரிவில் இறங்கினார். பெரும்பாலான தடங்கள் தினம் தினம் மிதிபட்டுக் கலங்கியிருந்தன. மரத்துக்கு அருகில் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. குதிகால். பாதம். அதன் முன்னால், தனித்தனியாக, சிறிய ஐந்து புள்ளிகள்.

அவர் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான புதிதில் அந்தக் காலுக்கு மெட்டி போட்டுவிட்டவர் அவர். இத்தனை வருஷத்தில் அதை மறந்திருந்தார். இரண்டாம் விரல் கட்டை விரலைவிடக் கொஞ்சம் நீளம். புல்லிலும் அப்படியே இருந்தது.

"டீச்சர்."

"ம்."

"எல்லாத் தடமும் மரத்தைப் பாத்தே இருக்கு. திரும்பி வந்த தடம் ஒண்ணு கூட இல்லையே."

"நீங்களே சொல்லுங்க."

அவர் பெஞ்சைப் பார்த்தார். அல்லி தினமும் காலையில் காபியோடு வந்து உட்கார்ந்து வெயிலுக்காகக் காத்திருந்த பெஞ்சு. குளிருதுடி, உள்ள வாடி என்று மங்கை அந்தப் பின்கதவில் நின்று கத்துவாள். ஒரு நிமிஷம்மா, வெயில் வந்துரும் என்பாள் அல்லி. எதிர் மலையைப் பார்த்தார். அதன் தோளைத் தாண்டித்தான் வெயில் இங்கே வர வேண்டும். முதலில் மரத்தின் உச்சியில் விழும். பிறகு மெல்ல இறங்கும். பிறகு புல்லில். புல்லில் விழுந்ததும் வெள்ளையெல்லாம் தண்ணீராகும். புல் வளையத் தொடங்கும். அதன் மேல் யார் நடந்தாலும் தடம் இருக்காது.

"திரும்பி வர்றப்ப பனி இருக்கறதில்லை," என்றார்.

"ஆமா."

"அவ்வளவு நேரமும் இங்க உக்காந்திருக்கா. வெறுங்காலோட. இந்தக் குளிர்ல."

"ஆமா."

"நான் தூங்கிக்கிட்டிருந்திருக்கேன்."

டீச்சர் அவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார். வெயில் அந்தப் புல்வெளி முழுவதையும் நிரப்பியிருந்தது. பனி போன ஈரத்தில் ஒவ்வொரு புல்லும் ஒரு துளியை ஏந்திக்கொண்டிருந்தது. அதன் நடுவே அந்தத் தடங்கள் மட்டும் ஈரம் தங்காமல், பழுப்பாக, ஒருவர் நினைத்து நினைத்து நடந்த வழியை அப்படியே வைத்திருந்தன. பூஞ்சை மருந்தின் வாடை இன்னும் அவற்றில் இருந்தது.

"பொண்ணு கால் வெக்க வேண்டாம்னு சொன்ன புல்," என்றார் டீச்சர். "சுத்திப் போக அவங்களுக்குப் பொறுக்கலை. நேராப் போயிட்டாங்க. அப்புறம் ஒரு நாள் ஜன்னல்லேர்ந்து பாத்திருக்காங்க. தன் கால் பட்ட எடமெல்லாம் காயறதை."

வேதரத்தினம் நிமிர்ந்தார்.

"புல் காயுதுன்னு அவ சொன்னது..."

"உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. நீங்க உரக்கடைக்குப் போயிட்டீங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேடி அழுத்தினார்.

"மேஸ்திரி, நாளைக்கு வர வேண்டாம். இல்லப்பா, வேற யார்கிட்டயும் குடுக்கலை. புல்லு நல்லா இருக்கு. ஆமா, நல்லாத்தான் இருக்கு. தெரியாமச் சொல்லிட்டேன். வெச்சுடறேன்."

போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். திரை ஒரு விரல் அளவுக்கு விலகியிருந்தது. முன்பே அப்படித்தான் இருந்ததா, இப்போது விலகியதா, அவருக்குத் தெரியவில்லை. பார்க்கக் கூடாததைப் பார்த்தவர் போல உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"தடுக்கணுமா டீச்சர்? உடம்புக்கு ஏதாவது வந்துட்டா?"

"தடுத்தா நிப்பாங்களா?"

"மாட்டா."

"அப்புறம்?"

"ஒரு கம்பளி போத்தி விடலாம். காபி போட்டு எடுத்துட்டு வரலாம்." அவர் யோசித்தார். "இன்னிக்கு மாத்திரை போட மாட்டேன். ஆனா நான் வந்தா பயந்துடுவாளோ? பேச மாட்டாளே. நானும் என்ன பேசறது?"

"இத்தனை வருஷம் என்கூடப் பேசாம உக்காந்திருக்கீங்களே. அது எதுக்குன்னு நினைச்சீங்க?"

அவர் தலை குனிந்தார். டீச்சர் கத்தியைப் புல்லில் துடைத்துக்கொண்டு எழுந்தார். கல் பாதைக்கு வந்து செருப்பில் கால் நுழைத்தார்.

பின்னாலிருந்து வேதரத்தினம் கூப்பிட்டார். தடங்களுக்கு நடுவே, எங்கே அடி வைப்பது என்று தெரியாமல் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், நாளைக்கும் பனி விழும். கல்லுல சுத்தி வந்தா கல்லு ஆடற சத்தம் கேக்கும். அவ எழுந்து உள்ள போயிடுவா. புல்லுல வந்தா இருக்கற பச்சையும் ஒடிஞ்சு போகும். அல்லியோட புல். நான் எது வழியா அவகிட்டப் போறது?"

டீச்சர் திரும்பினார். அந்தப் பழுப்புத் தடங்களைக் கதவிலிருந்து மரம் வரை பார்த்தார்.

"அவங்க கால் வெச்ச எடத்துலயே வெச்சுப் போங்க சார். ஒரு தடவை ஒடிஞ்ச புல் மறுபடி ஒடியாது."